ஜாமீன் கையெழுத்து

ஓராண்டுக்கு முன் ஓரிரவு, இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, நம் தெருப் பெரியவர் ஒருவர் திண்ணையில் காத்திருந்தார். துணிக்கடை வைத்திருந்த அவருடைய மருமகன் மவ்த்தாகி இருபது நாட்களே கடந்திருந்தன. மகளோ இத்தாவில் இருந்தாள். கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வந்து அவளுடைய நகைகளைக் கேட்கிறார்களாம். “ஹஜ்ரத், கழுத்தில் கிடப்பதையும் கழற்றிக் கொடுக்கத்தான் வேண்டுமா?” என்று கேட்டார்.

விடை கூற நமக்குத் தயக்கமே இல்லை. முப்பதாண்டுகளாக நாம் பாடம் நடத்தும் மஸ்அலா அல்லவா அது! நிகாஹினால் கணவன் மனைவியின் பொருள்கள் ஒன்றாகிவிடுவதில்லை. திருமறையின் அந்நிஸா அத்தியாயம் ஆண்களின் ஈட்டத்தையும் பெண்களின் ஈட்டத்தையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) அவர்கள், தம் பொருளைத் தம் கணவருக்கே தருமமாகக் கொடுக்கலாமா என்று வினவியதும், அதற்கு இரட்டை நன்மை உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. கணவனுக்கே தருமம் செய்யலாம் எனும் அளவுக்கு மனைவியின் பொருள் அவளுக்கே உரியது! எனவே, இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்தே தீர்க்கப்பட வேண்டும். அது போதவில்லை என்பதற்காக விதவையின் நகைமீது கை வைக்க வழியில்லை. மஹர் கொடுபடாமல் நின்றிருந்தால், அவளும் அப்பொருளின்மீது உரிமை கேட்கும் கடன் கொடுத்தோருள் ஒருத்தியே.

எல்லா நாட்டிலும் இவ்வாறில்லை. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 220ஆம் பிரிவு, இல்லப் பராமரிப்புக்காகவும் பிள்ளைகளின் கல்விக்காகவும் ஒருவர் பட்ட கடன், சில விலக்குகள் நீங்கலாக, மற்றவரையும் கட்டும் என்கிறது. காரைக்காலிலிருந்து அங்கே சென்று வாழும் நம்மவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நலம்.

பெரியவரின் முகம் தெளிந்தது. பின்னர் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, “இதையும் பார்த்துவிடுங்கள்” என்று நீட்டினார். மொத்த வியாபாரிக்கு மருமகன் எழுதிக் கொடுத்த சரக்குக் கடன் பத்திரத்தின் நகல் அது. அடியில், ஜாமீன்தாரர் என்ற இடத்தில் மகளின் கையெழுத்து இருந்தது.

“படித்துப் பார்த்தாளா?”

“மாப்பிள்ளை போடச் சொன்னார், போட்டாள்.”

நமக்கு நா எழவில்லை. பத்ஹுல் முயீனில் ‘ளமான்’ பகுதியை ஓதியவர்கள் அறிவார்கள்: கடன் பட்டவர், பிணை நின்றவர் இருவருள் எவரிடமும் கேட்கும் உரிமை கொடுத்தவனுக்கு உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீன்தாரரின் பொறுப்பு என்று 128ஆம் பிரிவில் கூறுகிறது. மனைவி என்ற முறையில் அவள்மீது வராத சுமை, பேனா முனையில் வந்து சேர்ந்தது. தான் செலுத்தியதைக் கணவனுடைய பொருளிலிருந்து அவள் திரும்பப் பெறலாந்தான். இல்லாத பொருளிலிருந்து எதைப் பெறுவது? நகையில் பாதி அந்தத் தாளுக்கே போயிற்று.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வீட்டில் இரண்டு அறைகள் கட்டுவதற்காக 2009இல் நாம் ஒருவரிடம் கைம்மாற்று வாங்கியபோது, நம் இல்லாளும் இப்படித்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டாள். வகுப்பில் ளமானின் நிபந்தனைகளை வரி வரியாக விளக்கிய நாம், வீட்டில் “இங்கே போடு” என்ற இரு சொற்களுக்கு மேல் பேசவில்லை. தவணை தவறியபோது அவளுடைய காப்புகளை விற்றே கடனை அடைத்தோம். அவள் தந்தது ஹிபாவா, கர்ளா என்று கேட்டதுமில்லை.

ஸுபுஹுக்குப் பின் கேட்டோம். தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “இத்தனை வருஷம் கேட்காமல் இன்றைக்கா கேட்கிறீர்கள்?” என்றாள். சற்றுப் பொறுத்து, “கடனாகவே இருக்கட்டும். நாலரைப் பவுன்” என்றாள்.

வஸிய்யத்து எழுதிவைக்கும் நோட்டை எடுத்து, அதை அப்படியே எழுதி, கீழே ஒப்பமிட்டு அவளிடம் நீட்டினோம். அவள் உள்ளே சென்று மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்தாள். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்.