தில்லை மரமும் தீவோரத்து மாந்தரும்

ஆண்டுதோறும் மாசி மகம் வருகிறது. நமது ஊராம் ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கொண்டிருக்கும் பூவராகர், கடலாடக் கிள்ளைக்குப் புறப்படுகிறார். பல்லக்கு உண்டு, பரிவாரம் உண்டு, வழியெங்கும் வரவேற்பு உண்டு. கிள்ளையிலே இசுலாமியத் தோழர்கள் எதிர்கொண்டு மரியாதை செய்கின்றனர். அந்த ஒரு காட்சிக்காக, கடவுளைப் பற்றிக் கவலை கொள்ளாத நாமும் அவ்விழாவை மதிக்கிறோம். ஆனால், ஆண்டவன் ஆண்டாண்டு காலமாகப் போய்வரும் அந்தக் கரைக்கு அண்மையிலே, சதுப்புக் காட்டின் ஓரத்திலே வாழும் மனிதரைப் பற்றி நமது ஊரில் எவரும் பேசிக் கேட்டதில்லை. நாமும் பேசியதில்லை.

நம்மைப் பிச்சாவரத்துக்கு அனுப்பிவைத்தவர் பூவராகர் அல்லர். தென்னமெரிக்காவின் ஏரி ஒன்று!

படிப்பகத்திலே இளைஞர் சிலரோடு உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தோம். பெரு நாட்டுக்கும் பொலிவியாவுக்கும் இடையே, ஆண்டீசு மலைத்தொடரின் மேலே, கடல் மட்டத்துக்கு 3,812 மீட்டர் உயரத்தில் தித்திகாகா ஏரி கிடக்கிறது. நமது உதகையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மிகுதியான உயரம். அவ்வேரியிலே ஊரோ என்னும் மக்கள், தொத்தோரா என்ற கோரையை வெட்டி அடுக்கி, அதையே தீவாக்கி, அத்தீவின் மேலே வீடு கட்டி வாழ்கின்றனர். அடிக்கோரை அழுக அழுக மேலே புதுக்கோரை பரப்புகின்றனர். காலடி மண்ணையே கையால் செய்துகொண்ட மக்கள்! தக்கீலே என்ற மற்றொரு தீவிலே கெச்சுவா மொழி பேசுவோர் வாழ்கின்றனர். அங்கே ஆண்களும் குல்லாய் பின்னுவர். அந்த நெசவுக் கலையை 2005-இல் யுனெஸ்கோ போற்றி அறிவித்தது. 1975-இல் கெச்சுவா பெரு நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று என்று நாம் சொன்னதும் இளைஞர் கைதட்டினர். தக்கீலே மக்கள் 1970-களில் தாமே கூட்டாகப் படகு விட்டுப் பயணிகளை அழைத்துவந்தனர் என்பதையும், அவ்வுரிமையைப் பின்னர் வெளியூர் முகவர்கள் பெரும்பாலும் பறித்துக்கொண்டனர் என்பதையும் சொன்னோம். கைதட்டல் நின்றது.

அப்போது ஓர் இளைஞர் கேட்டார்: "ஐயா, நம்ம பக்கத்திலே இப்படி யாரும் இல்லையா?"

விடை நமக்குத் தெரியவில்லை. வெட்கம்தான் வந்தது.

சென்ற தை மாதம் புறப்பட்டோம். காட்டுமன்னார்கோயில், சோழர் வெட்டிய வீராணம், சிதம்பரம், கிள்ளை. வழியைப் பற்றி எழுத ஏதுமில்லை. பேருந்தில் நின்றுகொண்டே போனோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேரில் விரிந்து கிடக்கிறது பிச்சாவரம். ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள். அவற்றினூடே ஓடும் உப்பங்கழிகள். சுரபுன்னை தன் வேர்களைச் சிலந்திக் கால்களாய் நீரிலே ஊன்றி நிற்கிறது. தில்லை மரமும் அங்கேதான் இருக்கிறது! சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்ற பெயரைத் தந்த மரம், கோயிலைச் சுற்றிக் காணக் கிடைப்பதில்லை. இங்கே சேற்றிலே வாழ்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். பெயரை மட்டும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு மரம் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. அச்சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

கழியின் ஓரத்திலே, இடுப்பளவு நீரிலே, ஓர் அம்மையார் அமர்ந்தவாறே நகர்ந்துகொண்டிருந்தார். இரு கைகளும் சேற்றைத் துழாவின. பல்லிலே ஓலைப் பறியைக் கடித்துப் பிடித்திருந்தார். கைக்கு அகப்பட்ட இறால் பறிக்குள் விழுந்தது. வலை இல்லை, தூண்டில் இல்லை, படகு இல்லை; பத்து விரல்களே தொழிற்கருவி. நாம் என்ன செய்தோம் தெரியுமா, நண்பர்காள்? கைபேசியை எடுத்துப் படம் பிடித்தோம்!

கரையிலே வலை உலர்த்திக் கொண்டிருந்த இளைஞர் ஒருவர், "அது எங்க சித்திங்க. கேட்டுட்டு எடுத்திருக்கலாமே, சார்" என்றார். குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். படத்தை அழித்தோம். பிறகுதான் பேச்சு வளர்ந்தது.

அவர்கள் இருளர். வலையும் படகும் அண்மைக் காலத்தில் கைக்கு வந்தவை என்றார் அந்தத் தம்பி. காட்டைப் பற்றிக் கேட்டோம். "எங்க தாத்தா காலத்திலே, நாங்கதான் வெட்டி அழிச்சோம்னு சொல்லுவாங்களாம்" என்றார்.

இந்த இடத்தில் சற்றே நின்று சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏழைகள் விறகு வெட்டினர், மாடு மேய்த்தனர், ஆகவே காடு அழிந்தது என்றே நெடுங்காலம் நம்பினர் பலர். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது வேறு காரணம் புலப்பட்டது. வெள்ளையர் ஆட்சியிலே தொடங்கி 1970-கள் வரை, அரசே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து ஒட்ட வெட்டியது. நிழல் போன மண்ணை வெயில் சுட்டது. ஈரம் உலர்ந்து தரை தாழ்ந்தது. தாழ்ந்த குழியிலே கடல்நீர் புகுந்து தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாகி உப்பு மிகுந்தது. உப்பிலே கன்று முளைக்குமா? மீன்முள்ளின் வடிவிலே கால்வாய்கள் வெட்டி, ஏற்றவற்றத்தில் நீர் வந்துபோக வழிசெய்து, கன்று நட்டனர், காடு தழைத்தது. அப்பணியில் கரையோரச் சிற்றூர் மக்களும் பங்கு கொண்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, கடலூர் மாவட்டக் கரையிலே மரங்கள் அடர்ந்திருந்த இடங்களின் பின்னே சேதம் குறைவு என்று 2005-இல் 'சயின்ஸ்' ஆய்விதழ் கட்டுரை வெளியிட்டது. அழித்தவர் என்று பழி சுமந்தவர்களே வளர்த்தவர்களாயினர்.

"உங்களுக்குக் குறை என்ன, தம்பி?" என்றோம்.

"தங்கச்சி பன்னெண்டாவது முடிச்சிருக்கு, சார். பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கலே. இருளர்னா மலையிலே இல்லே இருப்பாங்க, நீங்க மீன் பிடிக்கிறீங்களேன்னு கேக்கறாங்க. அப்பா பள்ளிக்கூடத்துப் பதிவிலே வேற என்னமோ எழுதியிருக்காம். யாரோ ஒரு வாத்தியார் எழுதினது."

யாரோ ஒரு வாத்தியார்! நாம் தலை குனிந்தோம். ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1986-ஆம் ஆண்டு. நமது பகுதியிலே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தோம். செங்கல் சூளையில் வேலை செய்த ஒருவர், தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சேர்க்கைப் பதிவேட்டிலே சாதிக்கு ஒரு கட்டம். "இருளருங்க, சாமி" என்றார். "சாமி என்று சொல்லாதீர்" என்று அவருக்குப் பகுத்தறிவு போதித்தோம். போதித்துவிட்டு, 'வேட்டைக்காரர்' என்று எழுதினோம்! தீய எண்ணம் இல்லை. இருளர் என்றால் யாரென்று தெரியாது. கேட்டறியப் பொறுமையும் இல்லை. சாதி ஒழியவேண்டியது, அதற்கொரு கட்டம் எதற்கு, எதை எழுதினால் என்ன என்ற எண்ணம். அதே மாதத்திலே சாதி ஒழிப்புக் கூட்டத்திலே ஒரு மணி நேரம் முழங்கினோம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. சாதியால் மிதிபடாத நமக்கு அந்தக் கட்டம் வெறுங்கட்டம். அந்தச் சிறுவனுக்கோ, அவன் படிப்பும் பணியும் அதற்குள்ளேதான் அடங்கியிருந்தன.

ஊர் திரும்பிய மறுநாளே அந்தப் பள்ளிக்குப் போனோம். இப்போதைய தலைமையாசிரியை அன்போடு பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஓரம் செல்லரித்திருந்தது, நமது கையெழுத்து மட்டும் அழியவில்லை. நீல மையிலே, நல்ல முத்தெழுத்து. நான்காம் வகுப்போடு பெயர் நீக்கப்பட்டிருந்தது. சூளை இருந்த இடத்திலே இன்று வீட்டுமனைகள். அக்குடும்பம் எங்கே போயிற்று என்று கேட்டோம். எவருக்கும் தெரியவில்லை.

பிச்சாவரத்துத் தம்பிக்கு ஒரு மடல் எழுதினோம். பதிவேட்டிலே ஆசிரியர்கள் எப்படி எழுதினர் என்பதை, நாமே எழுதிய ஒருவர் என்ற முறையிலே, எந்த அதிகாரியின் முன்னும் சொல்லவும் கையொப்பமிட்டுத் தரவும் ஆயத்தமாக இருக்கிறோம் என்றோம். அதனால் பயன் விளையுமோ விளையாதோ, அறியோம். உறவினரில் எவருக்கேனும் முன்பே சான்றிதழ் கிடைத்திருந்தால் அதன் படியை இணைக்குமாறும் எழுதினோம்.

பதில் வந்திருக்கிறது. சித்தி மகனுக்குக் கிடைத்த சான்றிதழ் ஒன்று இருக்கிறதாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணைக்கு நாள் குறித்திருக்கின்றனராம். "சார், நீங்க வந்து பக்கத்திலே நின்னா போதும்" என்று முடித்திருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை முதல் பேருந்தில் புறப்படுகிறோம். படிப்பக இளைஞர் இருவரும் உடன் வருகின்றனர்.