கமிரீத்து அம்மாவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அம்மா,

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ உங்களைப் பற்றி எழுதும்போது கமிரீத்து கிராமத்துப் பெண் என்றுதான் எழுதினார், பெயர் சொல்லவில்லை. அதனால் ஊரின் பெயரைச் சொல்லியே உங்களை அழைக்கிறேன்.

2025 மே 28 அன்று கூகி காலமானார். ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியான கிக்குயுவுக்குத் திரும்பிய அவருடைய துணிச்சலை அஞ்சலிக் கட்டுரைகள் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தத் துணிச்சலைக் கிளப்பிவிட்டவர் நீங்கள். 1976-இல் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக அவர் வீட்டுக்குப் போனீர்கள். நிறையப் படித்திருக்கிறாயாமே, புத்தகமெல்லாம் எழுதுகிறாயாமே, அந்தப் படிப்பில் கொஞ்சத்தை ஊருக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்டீர்கள். அவர் பிடிகொடுக்கவில்லை. அடுத்த வாரமும் போனீர்கள், அதற்கடுத்த வாரமும் போனீர்கள். அந்த விடாப்பிடிக்குத்தான் என் முதல் நன்றி.

எந்த மொழியில் எழுதுவது என்ற அவருடைய சங்கடம் பழையது. 1962-இல் உகாண்டாவின் மகெரேரேயில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூடியபோது, ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சிறுகதை மட்டும் வெளியிட்டிருந்த மாணவரான அவருக்கு இடம் கிடைத்தது. சுவாஹிலியில் எழுதிக் குவித்த ஷாபான் ராபர்ட்டுக்குக் கிடைக்கவில்லை. அது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கான மாநாடு. பிறகு கூகி ஆங்கிலத்தில் மூன்று நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றார்; நைரோபிப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தார். அவர் யாரைப் பற்றி எழுதினாரோ உங்கள் லிமுருப் பகுதியின் அந்த விவசாயிகளாலும் தோட்டக் கூலிகளாலும் அந்த நாவல்களைப் படிக்க முடியவில்லை. ஆப்பிரிக்க இலக்கியம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் இதழ்களில் வாதாடிக்கொண்டிருந்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.

உங்கள் ஊரே வெள்ளையர் அடைத்துவைத்த ஊர். 1950-களில் தங்கள் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்குவதற்காகச் சிதறிக் கிடந்த குடியிருப்புகளை இடித்து, மக்களை ஓரிடத்தில் குவித்து உண்டாக்கியது. அங்கே நான்கு ஏக்கர் நிலத்தில், இடிந்துவிழக் காத்திருந்த ஒரு மண்சுவர்க் கட்டடத்தைச் சுற்றி நீங்கள் தொடங்கியது முதலில் எழுத்தறிவு வகுப்பு. நாடகம் பிறகுதான் வந்தது. இளைஞர்கள் தீக்குச்சிகளை அடுக்கி அரங்கின் மாதிரியைச் செய்துபார்த்தார்கள். பின் ஊரே கூடி 2,000 பேர் உட்காரும் கூரையில்லாத அரங்கத்தைக் கட்டியது. மேடைக்குப் பின்னால் மூங்கில் தட்டி, படிக்கட்டு மாதிரி மரப்பலகை இருக்கைகள், அவற்றுக்கும் பின்னால் யூகலிப்டஸ் மரங்கள். ஒரு காட்சியின்போது சில நடிகர்கள், ஒத்திகையில் இல்லாதபடி, அந்த மரங்களில் ஏறி அங்கிருந்தே பாட்டில் சேர்ந்துகொண்டார்களாம். நாடகத்துக்குத் தேவைப்பட்ட போலித் துப்பாக்கிகளைச் செய்தவர், மாவ் மாவ் போராளிகளுக்கு நிஜத் துப்பாக்கி செய்துகொடுத்தவர்!

இரண்டு கூகிகள் (வா தியாங்கோவும் வா மிரீயும்) எழுதிய ‘ங்காஹிகா ந்தேந்தா’ நாடகப் பிரதியை உங்கள் ஊர் அப்படியே ஏற்கவில்லை. இந்த வயதுக் கிழவன் இப்படியா பேசுவான், இளசுகள் பேசுவது இப்படியா என்று வரிக்கு வரி திருத்தினீர்கள். நிறையப் படித்தவரை மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில் தாய்மொழியில் எழுதினால் இனக்குழுவெறி வளரும் என்பார்கள். கென்யாவில் அந்த வெறிக்கு நாற்றங்கால் போட்டது வேறொன்று. 1955-இல் ஆப்பிரிக்கர் அரசியல் சங்கம் வைக்க அனுமதித்த ஆங்கிலேய அரசு, மாவட்ட அளவோடு நிறுத்திக்கொள் என்றது. மாவட்டங்களோ பெரும்பாலும் இனக்குழு வாரியாகப் பிரித்தவை. உங்கள் நாடகம் இதற்கு நேர் எதிராக வேலை செய்தது. அதில் வரும் கிகூண்டாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதைக் கடன் வலையில் சிக்கவைத்துப் பிடுங்கும் பணக்காரக் கிறிஸ்தவன் கியோயும் கிக்குயுதான். நாட்டின் அன்றைய ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டாவும் கிக்குயு. நாமெல்லாம் ஒரே இனம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்களிடம், அதே இனத்தின் மொழியிலேயே கணக்குக் கேட்டீர்கள். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அவர்களுக்கு உறைத்திருக்காது. இதை ஊகமாகச் சொல்லவில்லை. நாடகம் அரங்கேறிய அதே 1977-இன் ஜூலையில், அதே ஆட்சியைக் கிழித்துத் தொங்கவிட்ட கூகியின் ஆங்கில நாவல் ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’டை நிதியமைச்சர் ம்வாய் கிபாக்கியே வெளியிட்டுவைத்தார். அக்டோபர் 2-இல் அரங்கேறிய ‘ங்காஹிகா ந்தேந்தா’வுக்கோ நவம்பர் 16-இல் தடை. டிசம்பர் இறுதியில் ஓர் இரவில் வீடு புகுந்து கூகியைப் பிடித்துப்போனார்கள். விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருடம் கமித்தி சிறை.

சிறையில் அவர் கிக்குயுவிலேயே நாவல் எழுதினார். கைதிகளை வருத்துவதற்காகவே கொடுத்த சொரசொரப்பான கழிப்பறைத் தாள், பேனாவுக்கு வாகாக இருந்ததாம். 1980-இல் அது அச்சாகி வந்தபோது குடும்பங்கள் கூடி உட்கார்ந்து கேட்டன. மதுக்கடையில் ஒருவர் உரக்க வாசிப்பார். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்தி, காலிக் கோப்பையைக் காட்டுவார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிரப்பச் சொல்வார்கள். தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று வந்தது அந்த நாவல்தான். ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் எங்களிடம் வந்துசேர்ந்தது. நாங்கள் அவரவர் மூலையில் வாய்திறக்காமல் படித்துக்கொண்டோம்.

உங்கள் அடுத்த நாடகம் ‘மைத்து ஞுகீரா’வில் கென்யாவின் பல இனத்தார் பாடல்களைச் சேர்த்துக்கொண்டீர்கள். சொந்த மொழியில் காலூன்றிய ஊர் அடுத்தவர் பாட்டைப் பாட அஞ்சவில்லை. அரசுக்குத்தான் அச்சம். தேசிய அரங்கின் கதவைப் பூட்டினார்கள். 1982 மார்ச்சில் ஆயுதமேந்திய போலீஸாரை லாரிகளில் அனுப்பி, நீங்கள் கட்டிய அரங்கத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இரு கூகிகளும் நாட்டுக்கு வெளியே வாழ நேர்ந்தது. முதல் நாடகம் நைரோபியில் மறுபடி மேடையேற 2022 மே வரை ஆயிற்று.

அந்த நாடகத்தின் அச்சுப் பிரதியில் ஆசிரியர்களாக இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. தீக்குச்சி அடுக்கிய பிள்ளைகளுக்கும், துப்பாக்கி செய்தவருக்கும், வசனம் திருத்திய பெரியவர்களுக்கும், மரமேறிப் பாடியவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி. இந்த மடலை உங்கள் ஊரில் யாராவது உரக்க வாசித்துக் காட்டட்டும்.

வணக்கத்துடன்,
தமிழ் வாசகன் ஒருவன்