கைப்பேசி உருட்டும் பகடை

கைப்பேசியில் கணினியோடு பேக்கமன் ஆடத் தொடங்குபவர் சில வாரங்களிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்: செயலி பகடையில் ஏமாற்றுகிறது. தன்னுடைய காய் ஒன்று எங்காவது தனியாக நின்றால் போதும், அதை வெட்டத் தேவையான எண் கணினிக்குத் தவறாமல் விழுகிறது. ஆட்டம் கைக்கு வந்துவிட்டது என்று மூச்சுவிடும் நேரத்தில் எதிர்த்தரப்புக்கு இரண்டு ஆறுகள். தனக்கோ ஒன்றும் இரண்டும். இஸ்தான்புல்லில் ஆடுபவரும் நியூயார்க்கில் ஆடுபவரும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள். தங்கள் பகடை நேர்மையானது என்று தனியாக விளக்கம் எழுதிவைக்கும் நிலைக்குச் செயலிகளைத் தயாரிப்பவர்கள் வந்திருக்கிறார்கள். சதுரங்கச் செயலி தயாரிப்பவர் யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தோற்றவர் தன்னைத்தான் நொந்துகொள்ள முடியும்.

பேக்கமன் அப்படிப்பட்ட ஆட்டமல்ல. பலகையில் 24 முக்கோணங்கள், ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடைகள். இரு தரப்பும் எதிரெதிர்த் திசையில் காய்களை நகர்த்தித் தத்தம் வீட்டுப் பகுதிக்குக் கொண்டுவந்து, முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். தாயம் ஆடிய தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தனியாக நிற்கும் காயை வெட்டலாம், வெட்டுப்பட்ட காய் மறுபடியும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும், கரையேறிய காய் பழம். ஒரே முக்கோணத்தில் இரண்டு காய்கள் சேர்ந்து நின்றால் அங்கே எதிரி இறங்க முடியாது. அவ்வளவுதான் விதி. பாரசீகத்தில் நர்து என்ற பெயரில் வேரூன்றி, அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன இந்த ஆட்டத்தைக் குழந்தைகள் ஒரே மாலையில் கற்றுக்கொள்கிறார்கள். நன்றாக ஆடுவதற்குத்தான் ஓர் ஆயுள் வேண்டியிருக்கிறது.

இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். ஆறு இடம் தள்ளி நிற்கும் தனிக்காயை, இடையில் தடை இல்லாவிட்டால், அவற்றில் 17 விதங்கள் வெட்டும். அதாவது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஆனால் புதிதாக ஆடுபவருக்கு ஆறு என்பது ஆறில் ஒன்றாகத்தான் மனதில் பதிந்திருக்கிறது. இரண்டாவது பகடையிலும் ஆறு விழலாம், ஐந்தும் ஒன்றும் கூடியும் ஆறாகலாம், நாலும் இரண்டும், மூன்றும் மூன்றும் வழி செய்யலாம் என்பதெல்லாம் காய் வெட்டுப்பட்ட பிறகே உறைக்கிறது. இரட்டை எண் மூன்று முறை அடுத்தடுத்து விழுவது 216-க்கு ஒரு தடவை. கேட்பதற்கு அது அபூர்வம். எதிரே அமர்ந்து ஆடினால் அரை மணி பிடிக்கும் ஆட்டம் கைப்பேசியில் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு மாலைக்குள் பத்து ஆட்டங்கள் ஓடிவிடும். கணினி மட்டுமே இருநூறு தடவைக்கு மேல் உருட்டியிருக்கும். மூன்று இரட்டைகள் தொடர்ந்து வருவது அந்த மாலையில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

சந்தேகம் தீராதவர்களுக்கும் வழி உண்டு. சில செயலிகளில் பகடை எண்ணை நாமே உள்ளிடலாம். மேசைமேல் உண்மையான பகடைகளை இரு தரப்புக்கும் உருட்டி, விழுந்ததைக் கணினிக்குச் சொன்னால் போதும். ஜிஎன்யூ பேக்கமன் என்ற இலவச நிரலின் மூலக்குறி முழுவதும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம். இப்படிச் சோதித்துப் பார்த்தவர்களும் தோற்றுக்கொண்டே இருப்பதால், காரணத்தை வேறு எங்கோ தேட வேண்டியிருக்கிறது.

திறமையாக ஆடும் நிரல் தனக்கு உதவும் எண்கள் அதிகமாகவும் எதிரிக்கு உதவும் எண்கள் குறைவாகவும் இருக்கும்படி காய்களை நிறுத்திவைக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்வதுதான் பேக்கமன் கற்பதில் பெரும்பங்கு என்று சொல்லலாம். எதிரியின் வீட்டுப் பகுதியில் ஆறில் ஐந்து இடங்கள் அடைபட்டிருக்கும்போது, வெட்டுப்பட்ட காயை உள்ளே கொண்டுவர 36-ல் 11 விதங்களே உதவும். மீதி 25-ல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். திரும்பத் திரும்ப உள்ளே நுழைய முடியாமல் தவிப்பவர் பகடையைப் பழிக்கிறார். அந்தச் சுவர் ஐந்தாறு நகர்த்தல்களுக்கு முன்பிருந்தே அவர் கண் முன்னாலேயே எழும்பியது. அப்போதே ஒரு காயை முன்னே ஏற்றி அதைத் தடுத்திருக்கலாம். பாதுகாப்பாக ஆடுவதாக நினைத்து அவர் பின்னாலேயே பதுங்கியிருந்தார். அவருக்கு ஓர் எண்தான் கைகொடுக்கும் என்ற நிலையும், கணினிக்கு இருபது எண்கள் கைகொடுக்கும் என்ற நிலையும் பகடை விழுவதற்கு முன்பே உருவாகிவிட்டன.

ஆனால் கணினி வெறும் அதிர்ஷ்டத்தால் வென்ற பெரிய ஆட்டம் ஒன்றும் வரலாற்றில் இருக்கிறது. 1979 ஜூலையில் மொனாக்கோவின் மாண்டி கார்லோவில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர் இத்தாலியின் லூயிஜி வில்லா. பட்டம் சூடிய கையோடு அவர் ஒரு கணினி நிரலுக்கு எதிராக 5,000 டாலர் பரிசுக்கு ஆடினார். பிகேஜி 9.8 என்ற அந்த நிரலை எழுதியவர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்லினர். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் உலகச் சாம்பியனாக இருந்தவர் அவர். கணினி பிட்ஸ்பர்க்கில் இருந்தது; மேடையில் இருந்த ஒரு ரோபோ செயற்கைக்கோள் தொடர்பு வழியாக அதன் ஆட்டத்தை நிகழ்த்திக் காட்டியது. நிரல் 7-1 என்று வென்றது. எந்தப் பலகை ஆட்டத்திலும் ஓர் உலகச் சாம்பியனைக் கணினி தோற்கடித்தது அதுவே முதல் முறை. சதுரங்கத்தில் டீப் ப்ளூ என்ற கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவை வெல்ல அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் ஆயின.

பெர்லினர் அந்த வெற்றியைக் கொண்டாடிய விதம் நினைவில் வைக்கத்தக்கது. ஆட்டக் குறிப்பை எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு நகர்த்தலையும் அலசினார். வில்லாவின் ஆட்டத்தில் குறை சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. தேர்வுக்கு இடமிருந்த 73 தருணங்களில் தன் நிரல் 8-ல் சிறந்த நகர்த்தலைத் தவறவிட்டிருந்தது. பகடைதான் அதைக் கரை சேர்த்தது என்று வெளிப்படையாக எழுதினார். துவண்டுபோயிருந்த வில்லாவிடம் வருத்தமும் தெரிவித்தார். சிறந்த ஆட்டக்காரர் வில்லாதான் என்பது இருவருக்குமே தெரியும் என்றார். வென்றவன் நன்றாக ஆடினானா, நன்றாக ஆடியவன் வென்றானா என்ற இரண்டு கேள்விகளையும் அவர் பிரித்தே வைத்தார். இன்று தோல்விக் கோபத்தில் கைப்பேசியைத் தூக்கி வைப்பவரால் பிரிக்க முடியாமல் போவது இந்த இரண்டைத்தான்.

உண்மையான திருப்பம் 1992-ல் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் தாமஸ் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜெரால்ட் டெசாரோ ஒரு நரம்பியல் வலையை உருவாக்கினார். எந்த நகர்த்தல் நல்லது என்று அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. தனக்கு எதிராகத் தானே ஆடி, ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றி வாய்ப்பைக் கணித்து, அடுத்த கட்டத்தில் வந்த கணிப்போடு ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டே போவதுதான் அதன் படிப்பு. ரிச்சர்ட் சட்டன் வகுத்த கற்றல் முறை அது. தொடக்கத்தில் கண்மூடித்தனமாகக் காய்களை நகர்த்தியதால் ஓர் ஆட்டம் முடியவே நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான நகர்த்தல்கள் பிடித்தன. மூன்று லட்சம் ஆட்டங்கள் கடந்தபோது டிடி-கேமன் என்ற அந்த நிரல் தேர்ந்த மனிதர்களின் அருகில் வந்து நின்றது. பதினைந்து லட்சம் ஆட்டங்களுக்குப் பிறகு, முன்னாள் உலகச் சாம்பியன் பில் ராபர்ட்டியோடு 40 ஆட்டங்கள் ஆடி மொத்தத்தில் ஒரே ஒரு புள்ளியில்தான் பின்தங்கியது.

இங்கே பகடைக்கு ஒரு பெரும்பங்கு உண்டு. தனக்குள்ளேயே ஆடும் நிரல் எளிதில் ஒரே தடத்தில் சுழன்றுவிடும். பகடையோ அதை ஒவ்வொரு தடவையும் புதிய நிலைக்குத் தள்ளிவிட்டது; தானாக ஒருபோதும் தேர்ந்திருக்காத இடங்களையும் பார்க்க வைத்தது. ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்ளும் அதே பகடைதான் கணினிக்கு ஆசிரியராக இருந்திருக்கிறது. டிடி-கேமன் திறந்த வழியில் 1994-ல் நார்வேயின் ஃப்ரெட்ரிக் டால் ஜெல்லிஃபிஷ் நிரலைக் கொண்டுவந்தார். பிறகு ஸ்நோவி வந்தது, 2009-ல் எக்ஸ்ட்ரீம் கேமன். இன்று சட்டைப் பையில் கிடக்கும் செயலி இந்தக் குடும்பத்தின் வாரிசு. டெசாரோவுக்கு ஓர் ஆய்வு மையம் தேவைப்பட்ட திறமையை அது பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவருக்கு இலவசமாகக்கூடத் தருகிறது.

அந்தத் திறமையை அதிகம் உணரவைப்பது காய் நகர்த்தல்கூட அல்ல, இரட்டிப்புக் கட்டை. 1920-களில் நியூயார்க்கில் பிறந்த இந்தச் சேர்க்கை ஆட்டத்தையே மாற்றியது. தன் கை ஓங்கியிருப்பதாக நினைப்பவர் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். எதிரி ஏற்றுக்கொள்ளலாம், அல்லது அப்போதைய பந்தயத்தைக் கொடுத்துவிட்டு விலகலாம். எப்போது ஏற்பது? நாலு தடவை விலகினால் நாலு புள்ளி நஷ்டம். நாலு தடவையும் ஏற்று, ஒன்றில் வென்று மூன்றில் தோற்றால் இரண்டு வரவு, ஆறு செலவு. அங்கும் நஷ்டம் நாலுதான். ஆகவே நாலில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்பு இருந்தாலே ஏற்றுக்கொள்ளலாம். கணக்கு எளிது, மனம்தான் இடம் கொடுப்பதில்லை. பயந்தவர் நல்ல நிலையிலும் விலகிவிடுகிறார். கோபத்தில் இருப்பவர் எதற்கும் விலகுவதில்லை. கணினிக்கு முந்தைய ஆட்டத்தின் காயம் எதுவும் கிடையாது. அதோடு தொடர்ந்து ஆடுபவர் தன்னுடைய பயமும் வீம்பும் எந்தக் கட்டத்தில் தலைதூக்குகின்றன என்பதைத் தெளிவாகக் காண்கிறார். மனித எதிராளி இந்த அளவுக்கு அதைக் காட்டித்தர மாட்டார், ஏனென்றால் அவரும் பயத்திலும் வீம்பிலும்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்.

துருக்கியின் காபிக் கடைகளில் ஆடப்படும் தவ்லாவில் இந்தக் கட்டை இல்லை. அங்கே பகடை எண்களைப் பாரசீக எண்ணுப்பெயர்களால் கூவுகிறார்கள், காயை மரப்பலகையில் ஓங்கி அடிக்கிறார்கள், தோற்றவரைச் சுற்றி நிற்பவர்களும் சேர்ந்து சீண்டுகிறார்கள். அந்தக் கலகலப்பைக் கைப்பேசி தரவே முடியாது. அதை இழப்பு என்றே சொல்ல வேண்டும். எதிரே ஒரு முகம் இருந்தால் கெட்ட பகடையைக்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். முகமில்லாத எதிரியிடம் அது சூழ்ச்சியாகத் தெரிகிறது. ஏமாற்றுகிறது என்ற குற்றச்சாட்டு இத்தனை எளிதாகப் பிறப்பதற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அதற்கு ஈடாகக் கைப்பேசி தருவது ஆட்டம் முடிந்த பின் கிடைக்கும் அலசல். எக்ஸ்ட்ரீம் கேமன் போன்ற நிரல்கள் ஒவ்வொரு நகர்த்தலையும் தாம் கண்ட சிறந்த நகர்த்தலோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்று எண்ணால் சொல்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சராசரி வரும். அது 5-க்குக் கீழே இருந்தால் உலகத் தரம், 20-ஐத் தாண்டினால் பொழுதுபோக்கு ஆட்டம். இதைவிட மதிப்புள்ளது பக்கத்திலேயே வரும் அதிர்ஷ்டக் கணக்கு. சராசரியாக விழக்கூடியதைவிட ஒவ்வொரு பகடையும் எவ்வளவு நல்லதாக, எவ்வளவு மோசமாக விழுந்தது என்பதையும் நிரல் குறித்து வைக்கிறது. ஏமாற்றப்பட்டதாகக் கொதிப்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். சில நாள் பகடை உண்மையிலேயே அவருக்கு எதிராகத்தான் இருந்திருக்கும்; செயலியே அதை ஒப்புக்கொள்ளும். பல நாள் பகடை அவர் பக்கம் நின்றிருக்கும், அப்படியும் தோற்றிருப்பார். வென்ற ஆட்டத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அங்கே கிடைக்கும் பாடம் இன்னும் கசப்பானது. பெர்லினர் மாண்டி கார்லோவிலிருந்து எடுத்துவந்து செய்த வேலையை இன்று விரும்பிய எவரும் இரண்டு நிமிடத்தில் செய்துகொள்ளலாம்.

இந்த அலசல் வாத்தியார்களையும் திருத்தியிருக்கிறது. முதல் உருட்டலில் இரண்டும் ஒன்றும், நாலும் ஒன்றும், அல்லது ஐந்தும் ஒன்றும் விழுந்தால், ஒரு காயைத் துணிந்து தன் வீட்டின் ஐந்தாம் இடத்தில் தனியாக வைப்பதுதான் 1970-களில் வழக்கம். நியூயார்க்கின் பால் மக்ரீல் போன்ற வல்லுநர்கள் வளர்த்த பாணி அது. வெட்டுப்படாவிட்டால் அடுத்த முறை அந்த அருமையான இடத்தை நிரந்தரமாகப் பிடிக்கலாம். டிடி-கேமன் அதை விரும்பவில்லை. எதிரியின் வீட்டில் பின்தங்கியிருக்கும் இரண்டு காய்களைப் பிரித்து ஒன்றை ஓரிடம் நகர்த்தியது. வல்லுநர்கள் முதலில் ஐயப்பட்டார்கள், பிறகு ஆடிப் பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். ஐந்து-ஒன்றிலும் நாலு-ஒன்றிலும் பழைய துணிச்சல் பெரிய போட்டிகளில் அருகிவிட்டது.

இரண்டு-ஒன்றில் மட்டும் வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த நிலையிலிருந்து ஆயிரக்கணக்கான ஆட்டங்களை நிரல்கள் ஆடிப் பார்த்தும், இரண்டு வழிகளுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. துணிந்து வைத்தால் பெரிய வெற்றிகள் சற்று அதிகம், அடி வாங்குவதும் அதிகம். பிரித்து ஆடினால் ஆட்டம் நிதானமாக நகர்கிறது. எதை ஆடினாலும் அலசல் பக்கத்தில் பிழை என்று குறி விழாது. அதனால் இரண்டும் ஒன்றும் விழும்போது மக்ரீல் காலத்து ஆட்டக்காரர்கள் சிலர் இன்னமும் அந்தக் காயை ஐந்தாம் இடத்தில் வைக்கிறார்கள். வெட்ட 36-ல் 15 வழிகள் இருக்கின்றன என்று தெரிந்தே வைக்கிறார்கள்.