கடையமும் அதன் சூழலும்

குற்றாலம் செல்வோர் பலர். கடையத்தில் இறங்குவோர் சிலரே. சென்ற விடுமுறையில் நம் கலாசாலைத் தோழர் இருவர் எம்முடன் அருவியாடி, குரங்குகளுக்குத் தம் பலகாரத்தையும் பறிகொடுத்துத் திரும்புகையில், அவர்களை எம் ஊருக்கு அழைத்துச் சென்றோம்.

வழியில் தென்காசிக் கோயிலைக் காட்டும்பொழுது எம் நாவிற்குத் தடையில்லை. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தது அது. நெடுங்காலம் சிதைந்து நின்ற அதன் கோபுரம் 1990-இல் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் நிமிர்ந்தது. பின்னாளில் கோயிலைக் காப்போரை அம்மன்னன் முன்னதாகவே வணங்கும் பாடல்கள் அங்கே கல்வெட்டாய் உள்ளன.

நிற்க. கடையம் வந்ததும் தோழரொருவர், "பாரதியாரை இவ்வூரார் எவ்வாறு நடத்தினர்?" என்று வினவினார். யாம் நாணினோம். செல்லம்மாள் பிறந்த ஊர் இஃது. 1918-இன் இறுதியில் கடலூர்ச் சிறையினின்று விடுபட்ட கவிஞர் இங்கு வந்து 1920 வரை வாழ்ந்தார். எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி விடுத்ததும் அவ்வறுமை நாட்களிலேதான். இவற்றையெல்லாம் எம் வீட்டார் பெருமையோடு கூறுவர். சாதியாசாரம் கடந்தவரென்று ஊரார் பலர் அவரை ஒதுக்கியதைமட்டும் கூறிற்றிலர். அதனை யாம் நூல்களிற் படித்தே அறிந்தோம்.

மலையடிவாரத்து நித்தியகல்யாணியம்மன் கோயிலைக் கண்டபின், அருகிலுள்ள பொட்டல்புதூருக்குச் சென்றோம். அங்குள்ள தர்காவில் இந்துக்களும் நேர்ச்சை செலுத்துவர். 1920-இல் பாரதியார் இஸ்லாத்தின் பெருமையை எடுத்துரைத்தது அவ்வூரிலேயாம்.

மாலையில் திரும்பிய தோழர், அவரை ஒதுக்கிய தெரு யாது என்றார். யாம் பிறந்த தெருவையே காட்டினோம்.