சித்திரை மாதத்துக் குற்றாலம்

சித்திரை மாதத்தில் குற்றாலத்திற்கு யாராவது பிரயாணம் புறப்படுவார்களா? சாரல் இல்லாத குற்றாலம் கல்யாணம் முடிந்த பந்தலைப் போன்றது என்பது பொதுஜன அபிப்பிராயம். ஆனால் ஆலங்குளத்துக்காரர்களாகிய எங்களுக்குச் சித்திரையிலும் ஒரு முகாந்திரம் உண்டு. மற்ற நாட்களில் அடைத்துக் கிடக்கும் செண்பகாதேவி மலைப்பாதையில், சித்ரா பௌர்ணமியை முன்னிட்டு வனத்துறையார் பக்தர்களை அனுமதிப்பது வழக்கம்.

ஆலங்குளம் வறண்ட சீமை. மேற்கே மலை நீலமாகத் தெரியும். ஆடிக்காற்று புழுதியை அள்ளி வீசும். மழையோ மலையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். என் மாணாக்கன் ஒருவனும் கூட வந்தான்.

பேரருவியில் நீர் பாறையை நனைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. நடுப்பாறையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளம், சாரல் காலத்தில் வெள்ளத்தின் வேகத்தைத் தாங்கித் தணிப்பதனாலன்றோ கீழே மனிதர் தலை கொடுத்து நிற்க முடிகிறது! அன்று அதற்கு வேலையே இல்லை.

சிற்றருவியை ஒட்டி ஏறினோம். செண்பகாதேவி அருவிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். வெயில் மறைந்தது, காலடியில் சருகு மெத்தென்று அமுங்கிற்று. கட்டுச்சோற்று மூட்டையைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றியது தனிக் கதை. மேலே போகப் போக நீரின் ஓசை கேட்டது. பையன் நின்றுவிட்டான்.

"மழை பெய்து மாசக்கணக்கு ஆகிறதே சார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

"அந்தச் சருகைக் கிளறிப் பார், தம்பி" என்றேன்.

மேல்பகுதி காய்ந்திருந்தது; அடியில் மண் ஈரமாக இருந்தது. மழைநீர் சருகிலும் வேரிலும் தங்கி, மண்ணுள் இறங்கி, பாறை வெடிப்புகளில் புகுந்து, மெல்ல ஊற்றாகக் கசிகிறது. மரம் போனால் மழை ஒரே நாளில் உருண்டோடிவிடும், சித்திரைக்கு மிஞ்சாது. சிற்றாறு இம்மலையில் பிறந்து, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அதுவரையுள்ள வயல்களுக்கு இந்தச் சருகுதான் பொக்கிஷம்.

இன்னும் மேலே, தேன்கூடுகளால் பெயர் பெற்ற தேனருவி இருக்கிறது. அங்கே செல்ல அனுமதியில்லை. இத்தடையைக் குறித்துச் சலித்துக்கொள்வோர் உண்டு, நான் அக்கட்சியல்லன். காடு தனித்திருக்க வேண்டும் என்பது ஒருபுறம். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவனிடம் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பது மறுபுறம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அதுவும் சாரல் காலமன்று.

அம்மனைத் தரிசித்து, சோறுண்டு, மாலைக்குள் இறங்கினோம். பேரருவியின் முன்னால் வெளியூர்க்காரர் ஒருவர், "இவ்வளவுதானா குற்றாலம்?" என்று அலுத்துக்கொண்டார். நான் வாய் திறக்குமுன், "அப்படிச் சொல்லாதீங்க, அண்ணாச்சி" என்று பையன் ஆரம்பித்துவிட்டான்.