சேற்றில் இறங்கிய வண்டியும் டி.சி. நிலமும்



போன மாதம் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் ஏழு பேர் ஜீப் ஓட்டப் போனோம். ரோட்டில் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் பக்கம் ஒரு பண்ணையில் மேடு, பள்ளம், சேறு என்று தடம் போட்டு வைத்திருக்கிறார்கள். பகலில் அதில் வண்டி ஓட்டலாம், இரவில் கூடாரம் அடித்துத் தங்கலாம். ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

"மனு எழுதுற கூட்டத்துக்கு இதெல்லாம் தேவையா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கிளம்பும் முன் எங்களுக்குள்ளேயே அந்தச் சண்டை நடந்தது. முடித்து வைத்தவர் எங்கள் டிரைவர் தோழர். "பத்து வருசமா அடுத்தவன் வண்டி ஓட்டறேன். ஒரு தடவகூட போர் வீல் லீவரத் தொட்டதில்ல. ஓனர் ரோட்டுலதான் ஓட்டச் சொல்வாரு." அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அவருடைய நண்பரின் பழைய பொலிரோ ஒன்று, வாடகைக்கு ஒரு ஜிப்ஸி. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும், சனிக்கிழமை பகல் முழுக்க சந்தோஷமாக இருந்தோம். டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தால் சேற்றில் பிடிமானம் கூடும் என்பதே எங்களில் பலருக்குப் புதுச் செய்தி. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் லோ கியருக்கு மாற்ற வேண்டும், மேட்டில் பாதியில் கிளட்சை மிதிக்கக் கூடாது, வெளியே நின்று கை காட்டுபவர் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும் என்று டிரைவர் தோழர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். சட்டம் படிக்கும் எங்கள் தோழி முதல் மேட்டை ஏறி இறங்கியபோது நாங்கள் போட்ட கூச்சலில் மற்ற குழுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் பொலிரோ சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் ஆழமாகத் தோண்டியது. கடைசியில் பண்ணையின் டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். கயிற்றை எங்கே மாட்ட வேண்டும் என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்து, மூன்று நிமிடத்தில் இழுத்துப் போட்டார்.

ராத்திரி நெருப்பைச் சுற்றி எல்லாக் குழுக்களும் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். பிறகு கேட்டார்.

"நீங்க எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னோம்.

"அட, எனக்குத் தெரிஞ்ச ஊருதான். ஊர்ல எந்தத் தெரு?"

அந்த மூன்றாவது கேள்வி உங்கள் எல்லோருக்கும் தெரியும். "ஊர்ல இல்லீங்க, காலனி" என்றார் தோழி. அவர் தலையாட்டிவிட்டு, எந்த கம்பெனி டயர் நல்லது என்று பேச ஆரம்பித்தார். கோபமாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

டிராக்டர் பெரியவர் கொஞ்சம் தள்ளி, வெளிச்சம் படாத இடத்தில் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி கொண்டுபோய்ப் போட்டோம். உட்காரவில்லை. "காலனின்னு சொன்னது காதுல விழுந்துச்சு" என்றார். அவரும் காலனிதான், பண்ணை வேலிக்கு அந்தப் பக்கம். பேச்சு வளர்ந்தது. "இந்த மேடெல்லாம் டி.சி. நிலம் தம்பி. எங்க தாத்தா இங்க கேவுரு போட்டாரு."

"பேப்பர் ஏதாவது இருக்குங்களா ஐயா?"

"பேப்பரு ஏது? யு.டி.ஆர். வந்தப்ப பேரு மாறிப் போச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு. நீங்க எதையாவது எழுதிப் போட்டுறாதீங்க. எனக்கு இங்க நாள் கூலி அறுநூறு."

புதிதாக வரும் தோழர்களுக்காக இதைச் சொல்கிறோம். டி.சி. என்பது டிப்ரஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கம். பஞ்சமி நிலத்துக்குப் பதிவேடுகளில் உள்ள பெயர் அது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது என்பது நிபந்தனை. இதே மாவட்டத்தில் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய மக்கள் மீது 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கூட்டங்களில் அந்த இரண்டு பெயரையும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அன்று ராத்திரி கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு, நமக்குக் கீழே இருப்பது எந்த நிலம் என்று யோசித்தபோது யாருக்கும் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை இரண்டாவது சுற்று இருந்தது. எங்களில் இரண்டு பேர் ஓட்ட மனசில்லை என்றார்கள். டிரைவர் தோழர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "நெலம் நம்மளுதுன்னா நம்ம நெலத்துல ஓட்டறோம். நம்மளுது இல்லன்னா காசு கட்டியிருக்கோம். ரெண்டுல எதுன்னு தெரியற வரைக்கும் வண்டிய எதுக்கு சும்மா நிறுத்தணும்?" சிரித்துவிட்டோம். பிறகு பெரியவரைப் பொலிரோவின் முன் சீட்டில் உட்காரச் சொன்னோம். "அவர் வேலைல இருக்காரு" என்றார் நிர்வாகி. பத்து நிமிஷம் என்று கேட்டு வாங்கினோம்.

பெரியவர் மேல் கைப்பிடியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். மேட்டில் ஏறும்போது கண்ணை மூடினார். உச்சியில் வண்டி நின்றதும் மெதுவாக, யாருக்கோ வழி சொல்வதுபோல, கை காட்டினார். அந்த ரெட்டைப் பனை வரைக்கும். இந்தப் பக்கம் தூர்ந்து போன கிணறு. அந்தக் கிணற்றங்கரை மண்ணைத்தான் தள்ளி நாங்கள் ஏறிய மேட்டைப் போட்டிருக்கிறார்கள். இறங்கும்போது, "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் எங்கள் சண்டை வேறு மாதிரி இருந்தது. உடனே ஆட்சியருக்கு மனு கொடுக்கலாம் என்றார் ஒருவர். பெரியவர் வேலை போகும், அதற்கு யார் பொறுப்பு என்றார் தோழி. இரண்டும் நியாயம். அவருடைய அறுநூறு ரூபாயை வைத்து நாம் வீரம் காட்ட முடியாது. அவர் வேலைக்காக என்று சொல்லி நாம் வாயை மூடிக்கொண்டால், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மொத்தக் காலனிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வழி கிடைத்தது. அந்தப் பண்ணையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், அந்தக் கிராமம் முழுவதிலும் டி.சி. நிபந்தனையில் ஒப்படைக்கப்பட்ட நிலங்களின் சர்வே எண், பரப்பு, இன்றைய பட்டாதாரர் விவரம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். கூடவே யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலும். பக்கத்து நான்கு கிராமங்களுக்கும் அதே விண்ணப்பம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிய ஐந்து விண்ணப்பங்கள், ஐந்து வெவ்வேறு தோழர்களின் பெயரில். யார் எந்த இடத்தைக் காட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த நிலம் பஞ்சமிதான் என்று இன்றைக்கு நாங்கள் சொல்லவில்லை. பதிவேட்டைப் பார்க்காமல் சொன்னால் முதல் விசாரணையிலேயே தோற்போம். பதிவேட்டில் இருந்தால், நிபந்தனை மீறல் என்று நிலத்தை மீட்கக் கேட்கலாம். பட்டியல் சாதியினரின் நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊரும் பண்ணையும் இங்கே பெயரில்லாமல் இருப்பதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். உங்கள் ஊரில் தொடங்க எங்கள் ஊர்ப் பெயர் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்: தாத்தா எங்கே பயிர் வைத்தார், எந்த மரம் எல்லை, எந்தக் கிணறு. அவர்கள் சொன்னபடியே எழுதி, தேதி போட்டு வையுங்கள். பதிவேடு கிடைக்கும் நாளில் அதோடு ஒப்பிட அந்தக் காகிதம் வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்து இன்றோடு பதினெட்டு நாள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவைத் தோழி இப்போதே எழுதி வைத்துவிட்டார். டிரைவர் தோழர் மட்டும் அடுத்த முறை எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜெய்பீம்.