தளர்தலும் ஒரு பயிற்சியே

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் சென்று கற்பித்துவந்த அவ்வாசிரியை, காலையிற் பஸ் ஏறுமுன்பே அன்றைய தண்ணீரின் அளவைக் குறைத்துவிடுவார். வாகன நெரிசலிலும் வகுப்பறையிலும் அடக்கி அடக்கிப் பழகிய உடல் அது. காலப்போக்கில் அடிவயிற்றின் கீழ் ஓர் இறுக்கம் குடிகொண்டது. உட்கார்ந்தால் நோவு, சிறுநீர் கழித்த பின்பும் கழியாதது போன்ற உணர்வு. பரிசோதனையிற் கிருமி எதுவும் அகப்படவில்லை. தமக்கையிடமும், "இடுப்பு நோகுது அக்கா" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அயலவர் ஒருவர் தசைகளை இறுக்கும் பயிற்சியைச் செய்யச் சொன்னார். ஆசிரியை அதனை ஒழுங்காகச் செய்தார். நோவும் ஒழுங்காக வளர்ந்தது.

இப்பயிற்சி பிழையானதன்று. அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கீகல் 1948இல் இதனைப் பரப்பியது, மகப்பேற்றின்பின் தளர்ந்த தசைகளுக்காக. முன்புற எலும்பிலிருந்து வாலெலும்புவரை ஏணைபோல் விரிந்து சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் தசைகள் அவை. ஆண்களுக்கும் இத்தளம் உண்டு. நலிந்த தசைக்கு மருந்தாவது, ஏற்கெனவே இறுகிய தசைக்குச் சுமையாகிவிடும்.

இதனை உணர்த்தியவர் இயன்மருத்துவர் ஒருவர். மூச்சு உள்ளே செல்லும்போது பிரிமென்றகடு தாழ்கிறது. அதனுடன் இடுப்புத்தளமும் மெல்ல இறங்கித் தளர்கிறது. முழங்கால்களை மடித்து மல்லாந்து படுத்து, வயிற்றிற் கைவைத்து, அவ்விறக்கத்தை அறிவதே முதற்பாடம். "ரீச்சர், ஒண்டும் செய்யாதேங்கோ; பல்லைக் கடிக்காமல் மூச்சை மட்டும் விடுங்கோ" என்றார் அவர். வாழ்நாளெல்லாம் ஏதேனும் செய்தே பழகியவருக்கு அதுவே கடினமாயிருந்தது. வெந்நீர் ஒத்தடமும், மலசலகூடத்தில் முக்காதிருத்தலும், வேளைக்கு நீர் அருந்துதலும் அடுத்த பாடங்கள். சில வாரங்களின் பின்னரே நோவு இளகத் தொடங்கியது.

19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலைத் தமிழிற் கற்பித்தார். சொற்கள் அன்றே நம்மிடம் இருந்தன. நாணமே நாவை இறுக்கியது. காய்ச்சலோ, சிறுநீரில் இரத்தமோ கண்டால் வைத்தியரை நாடவேண்டும் என்பதையும் அந்நாணம் மறைத்துவிடக் கூடாது.

அண்மையில், "இப்ப தண்ணி வேண்டாம் ரீச்சர், பஸ்ஸிலை கரைச்சல்" என்று இளைய ஆசிரியை ஒருத்தி மறுத்தாள். மூத்தவர் கதிரையை அருகே இழுத்தார். தமக்கையிடமும் சொல்லாதிருந்ததை, அத்தசையின் பெயரோடு, அவளுக்குத் தமிழிற் சொல்லத் தொடங்கினார்.